சமூகப் பொறுப்பும் தொழில்முனைவும்: தனித்தனியே எடைபோடக் கூடாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை ஒன்று, சமூகப் பொறுப்புப் பணிகளுக்கு அதிகம் செலவிடும் நிறுவனங்களே அதிக இலாபமும் ஈட்டுகின்றன என்றும், ஆகவே அச்செலவை முதலீடாகவே கருத வேண்டும் என்றும் கூறியிருந்தது. அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில், துணிந்து புதிய துறைகளில் இறங்கும் நிறுவனங்களே வளர்கின்றன என்று வேறொரு கட்டுரை இருந்தது. இரண்டையும் அக்கறையோடு படித்தேன். தொழிற்சாலைகளின் செலவுக் கணக்குகளைத் தணிக்கை செய்வதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இவ்விரு கருத்துகளும் தனித்தனியே நிற்கும் வரை பாதி உண்மைகளே என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சமூகப் பொறுப்பு ஒரு நிறுவனத்தின் செயல்பாட்டை உயர்த்த வேண்டுமானால், அது நன்கொடைப் பதிவேட்டை விட்டு வெளியே வந்து, அந்நிறுவனத்தின் தொழில்முனைவுப் போக்கின், அதாவது புதுமையிலும் துணிவிலும் முந்திச் செல்லும் அதன் இயல்பின், வழியாக உற்பத்திக்குள்ளும் பொருளுக்குள்ளும் இறங்க வேண்டும். அதே போல, பொறுப்போடு பிணைக்கப்படாத தொழில்முனைவுப் போக்கு தரும் வளர்ச்சியை நம்பிக் கணக்கெழுத முடியாது.

முதலில் கட்டுரையாளர் காட்டிய தொடர்பைப் பார்ப்போம். நல்ல இலாபம் வந்த ஆண்டில் எந்த நிறுவனமும் தாராளமாகக் கொடுக்கும். வருவாய் சுருங்கிய ஆண்டில் முதலில் வெட்டு விழுவதும் அந்தத் தலைப்பில்தான். ஒரே ஆண்டின் இலாபத்தையும் சமூகப் பணிச் செலவையும் அருகருகே வைத்தால் இரண்டும் சேர்ந்து ஏறுவதில் வியப்பில்லை. அதைக் கொண்டு எது காரணம், எது விளைவு என்று தீர்ப்பு எழுத முடியாது. 1997-இல் சாண்ட்ரா வாடாக், சாமுவேல் கிரேவ்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இச்சிக்கலை நேராகவே எடுத்துக்கொண்டு, நிதிநிலை முந்தி வருகிறதா, சமூகச் செயல்பாடு முந்தி வருகிறதா என்று கால வரிசைப்படி பிரித்துப் பார்த்தார்கள். தொடர்பு இரு திசையிலும் இருந்தது. கையில் மிச்சம் இருந்தவர்கள் நல்லது செய்தார்கள். நல்லது செய்தவர்களின் பிந்தைய நிதிநிலையும் நன்றாக இருந்தது. 2003-இல் மார்க் ஆர்லிட்ஸ்கியும் அவருடன் இணைந்தவர்களும் 52 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சமூகச் செயல்பாட்டுக்கும் நிதிச் செயல்பாட்டுக்கும் இடையே பொதுவாக நேர்த்தொடர்பு இருப்பதாகவே முடிவு கிடைத்தது. கட்டுரையாளர் நம்பியிருப்பது இத்தகைய முடிவுகளைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதே தொகுப்பாய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. சமூகச் செயல்பாட்டை நற்பெயர்ப் பட்டியல்களைக் கொண்டு அளந்த ஆய்வுகளில்தான் அந்தத் தொடர்பு வலுவாகத் தெரிந்தது. வெற்றி பெற்ற நிறுவனத்துக்கு நற்பெயர் தானாகவே வந்து சேரும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த வலுவில் எவ்வளவு உண்மையான பொறுப்பு, எவ்வளவு வெற்றியின் நிழல் என்று பிரித்தறிவது எளிதல்ல.

இதைவிட முக்கியமானது 2000-ஆம் ஆண்டில் அபிகேல் மெக்வில்லியம்ஸும் டொனால்ட் சீகலும் எழுப்பிய கேள்வி. ஆராய்ச்சிக்கும் புதிய பொருள் உருவாக்கத்துக்கும் அதிகம் செலவிடும் நிறுவனங்களே பெரும்பாலும் சமூகப் பொறுப்பிலும் முன்னே நிற்கின்றன. அப்படியானால் அவற்றின் இலாபத்துக்குக் காரணம் ஆராய்ச்சியா, பொறுப்பா என்று அவர்கள் கேட்டார்கள். ஆராய்ச்சிச் செலவைக் கணக்கில் சேர்க்காத வரை சமூகப் பொறுப்பு இலாபத்தைக் கூட்டுவதுபோல் தோன்றியது. அதைச் சேர்த்ததும், சமூகப் பொறுப்பால் இலாபம் கூடுவதாகவோ குறைவதாகவோ சொல்ல இடமில்லாமல் போனது. சமூகப் பொறுப்பு வீண் என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் இருக்கிறார்கள். என் வாசிப்பு வேறு. புதுமை செய்யும் நிறுவனங்களில் பொறுப்பும் புதுமையும் ஒரே வேலையின் இரு பக்கங்களாகப் பின்னிக் கிடப்பதால்தான் புள்ளியியல் அவற்றைப் பிரிக்கத் திணறுகிறது. நச்சு குறைந்த ஒரு பசையை உருவாக்குவது பொறுப்பா, புதுமையா? இரண்டும்தான்; கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது ஆராய்ச்சிச் செலவாகப் பதிவாகிறது. பொறுப்பு என்ற தலைப்பின் கீழ் மிஞ்சுவது நன்கொடைதான். அதைத் தனியே எடுத்து அளந்தால் இலாபத்தோடு உறவு தெரியாமல் போவது இயல்பே.

இனித் தொழில்முனைவுப் போக்கு. தனி ஒருவர் புதிதாகக் கடை தொடங்குவதை இச்சொல் குறிப்பதில்லை. ஒரு நிறுவனம், எவ்வளவு பழையதானாலும், முடிவெடுக்கும் விதத்தைக் குறிக்கிறது. புதுமை நாட்டம், துணிந்து இறங்கும் தன்மை, போட்டியாளர்களுக்கு முந்திக்கொள்ளும் தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் ஒரு நிறுவனத்தைத் தொழில்முனைவுப் போக்குடையது எனலாம் என்று 1983-இல் டேனி மில்லர் வகுத்தார். 1989-இல் ஜெஃப்ரி கோவினும் டென்னிஸ் ஸ்லெவினும் இதை அளக்க ஒன்பது வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். இன்று வரை உலகெங்கும் பெரும்பாலான ஆய்வுகளில் புழங்குவது அதுதான். 1996-இல் லம்ப்கினும் டெஸ்ஸும் தன்னாட்சி, போட்டியில் முனைப்பு ஆகிய இரண்டையும் சேர்த்தார்கள். 2009-இல் ஆண்ட்ரியாஸ் ரவுஷும் உடன் ஆய்வாளர்களும் 51 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இப்போக்குக்கும் நிறுவனச் செயல்பாட்டுக்கும் இடையேயான ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண் (முழுமையாகச் சேர்ந்து ஏறினால் 1, தொடர்பே இல்லையென்றால் 0), 0.242 என்று வந்தது. சமூக அறிவியலில் இது மதிக்கத்தக்க எண்தான். ஆனாலும் அதை வர்க்கப்படுத்திப் பார்த்தால், நிறுவனங்களுக்கிடையே உள்ள செயல்பாட்டு வேறுபாட்டில் ஏறத்தாழ 6 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது. துணிந்தவர்களே வளர்வார்கள் என்று தலைப்பிடும்போது மீதி 94 சதவீதத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். மேலும், துணிந்து இறங்கித் தோற்று மூடப்பட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் எந்த வினாத்தாளையும் நிரப்புவதில்லை. துணிச்சல் சராசரியை உயர்த்துவதோடு, பெருவெற்றிக்கும் பெருந்தோல்விக்கும் இடையேயான தூரத்தையும் அகலமாக்குகிறது.

அந்த ஒன்பது வினாக்களைப் பொறுமையாக ஒருமுறை படித்துப் பார்க்குமாறு வணிகச் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை புதிய பொருள் வரிசைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தீர்கள்? போட்டியாளர் அசைந்த பின் அசைகிறீர்களா, நீங்களே முதலில் அசைகிறீர்களா? உங்கள் உயர் அலுவலர்கள் உறுதியான சிறு வருவாய் தரும் திட்டங்களை விரும்புகிறார்களா, ஆபத்து மிகுந்த பெருவருவாய்த் திட்டங்களையா? இப்படியே போகின்றன வினாக்கள். இரண்டு எதிர்க் கூற்றுகளுக்கு நடுவே 1 முதல் 7 வரை ஓர் எண்ணை மேலாளர் வட்டமிட வேண்டும். ஒன்பதில் ஒன்றுகூட, எடுத்த துணிவு பொய்த்துப்போனால் அதன் சுமை யார் தோளில் விழும் என்று கேட்பதில்லை. சொந்த முதலைப் பணயம் வைப்பவரும், ஊழியர்களின் ஓய்வூதியத்தைப் பணயம் வைப்பவரும், ஆலையை அடுத்து வாழ்பவர்களின் குடிநீரைப் பணயம் வைப்பவரும் அந்த அளவுகோலில் ஒரே மதிப்பெண்ணைப் பெறலாம். அளவுகோலை உருவாக்கியவர்களின் குறையாக இதைச் சொல்லவில்லை. அவர்கள் அளக்க விரும்பியது வேறு. ஆனால் அம்மதிப்பெண்ணை நிறுவனத்தின் தகுதிச் சான்றிதழாக நாம் எடுத்துக்கொள்ளும்போது, சமூகப் பொறுப்பு எங்கே நுழைய வேண்டுமோ அந்த வாசலே அடைபட்டுப்போகிறது.

என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தை அமெரிக்காவின் மிகப் புதுமையான நிறுவனம் என்று ஃபார்ச்சூன் இதழ் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் பாராட்டியது. புதுமை, துணிவு, முந்திக்கொள்ளல் என்று எந்த வினாவை வைத்து அளந்திருந்தாலும் அந்நிறுவனம் ஏழுக்கு ஏழு வாங்கியிருக்கும். அதனிடம் 64 பக்க நன்னெறிக் கையேடும் இருந்தது. 2001 டிசம்பரில் அது திவாலானபோது ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையை இழந்தார்கள். தங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை அந்நிறுவனத்தின் பங்குகளிலேயே வைத்திருந்த பலர் அதையும் சேர்த்து இழந்தார்கள். ஃபோக்ஸ்வாகன் தந்த பாடம் இதைவிட நுட்பமானது. 2015 செப்டம்பரில், வாகனத் துறையில் நிலைத்தன்மைக்கு முன்னோடி என்று, நிறுவனங்களை அவற்றின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைக் கொண்டு தரம்பிரிக்கும் டௌ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு அதற்கு முதலிடம் தந்தது. அதே மாதம் 18-ஆம் தேதி, அதன் டீசல் கார்களில் ஆய்வகச் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் பொருத்தப்பட்டிருப்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்டது. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி வாகனங்களில் அந்த மென்பொருள் இருப்பதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே குறியீட்டிலிருந்து நீக்கப்பட்டது. அங்கே பொறியியல் திறனுக்கும் குறைவில்லை, பொறுப்பு அறிக்கைக்கும் குறைவில்லை. இரண்டும் வெவ்வேறு அறைகளில் உட்கார்ந்திருந்தன என்பதுதான் குறை.

அந்த அறைப் பிரிவினையை நானே அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வண்ணப்பூச்சு தயாரிக்கும் ஆலை ஒன்றில் செலவுக் கணக்கைத் தணிக்கை செய்தபோது, கலக்கும் தொட்டிகளைக் கழுவுவதற்கான தின்னர் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. காரணம் கேட்டபோது ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவர் தொட்டிகளின் பக்கத்திலேயே அழைத்துப்போய்க் காட்டினார். கறுப்புக்குப் பின் வெள்ளை, சிவப்புக்குப் பின் மஞ்சள் என்று ஆர்டர் வந்த வரிசையிலேயே ஓட்டியதால், நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் தொட்டியின் சுவரிலும் கலக்கியின் இறக்கைகளிலும் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, இரண்டு மூன்று தடவை தின்னர் ஊற்றிக் கழுவ வேண்டியிருந்தது. வெளிர் நிறங்களில் தொடங்கி அடர் நிறங்களில் முடியும்படி வரிசையை மாற்றினால் நடுவில் ஒரு கழுவலே போதும் என்பதும், ஒரு நிறத்தைக் கழுவிய தின்னரை எடுத்து வைத்து அதே நிறத்தின் அடுத்த கலவையில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் அவருடைய யோசனை. தின்னர் மிச்சமாகும், தொழிலாளர்கள் சுவாசிக்கும் ஆவி குறையும், அப்புறப்படுத்த வேண்டிய கழிவும் குறையும். அவர் அதை எழுத்தில் கொடுத்திருந்தார். சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்டது என்று உற்பத்திப் பிரிவு அதைச் சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு அனுப்பியது. ஆலைக்குள் செலவிட எங்களுக்கு அதிகாரமில்லை, எங்கள் நிதி வெளியே கொடுப்பதற்கு மட்டுமே என்று அப்பிரிவு திருப்பி அனுப்பியது. அந்தக் காகிதம் கோப்பில் கிடந்தது. அந்த ஆண்டு அறிக்கையிலோ, சமூகப் பொறுப்பு என்ற தலைப்பில் மரக்கன்று நட்ட படங்கள் நான்கு பக்கம் இருந்தன. மரம் நட்டதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆலைக்கு உள்ளேயே பிறந்த ஒரு நல்ல யோசனையை வரவேற்க அங்கே ஒரு தலைப்பு இல்லாமல் போனதுதான் இன்றளவும் என் மனத்தை உறுத்துகிறது.

இதற்கு நேர் எதிரான வழியை 3எம் நிறுவனம் 1975-லேயே காட்டியது. மாசைத் தடுத்தால் ஆதாயம் உண்டு என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தை அது தொடங்கியது. வெளியேறும் கழிவைச் சுத்திகரிப்பதைவிட அது உண்டாகும் இடத்திலேயே தடுப்பது நல்லது என்பது அதன் அடிப்படை. பொருளின் கலவையை மாற்றுதல், செய்முறையைத் திருத்துதல், கருவியை மறுவடிவமைத்தல், மிஞ்சியதை மீண்டும் பயன்படுத்துதல் என்று ஊழியர்களே முன்வைத்த யோசனைகள் அதன்கீழ் ஏற்கப்பட்டன. அந்த மேற்பார்வையாளரின் காகிதம் அங்கே போயிருந்தால் உரிய மேசையை அடைந்திருக்கும்.

பொறுப்பும் துணிவும் ஒரே முடிவில் சந்தித்ததற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் சான்று 1982-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் எதிர்கொண்ட நெருக்கடி. சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி நிவாரணக் கேப்சூல் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்ததால் ஏழு பேர் இறந்தார்கள். நஞ்சு கலக்கப்பட்டது ஆலையில் அல்ல. குப்பிகள் கடைகளுக்குப் போன பிறகுதான். சட்டப்படி நிறுவனம் கையை விரித்திருக்கலாம், அல்லது சிகாகோவோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அது நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் செலவானது. அதோடு நின்றிருந்தால் அதைப் பொறுப்புணர்வு என்று மட்டும் பாராட்டியிருப்போம். வலி நிவாரணிச் சந்தையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வைத்திருந்த அந்தப் பெயர் ஒற்றை இலக்கச் சதவீதத்துக்குச் சரிந்திருந்த வேளையில், இனி அப்பெயரைக் கைவிடுவதே நல்லது என்று விளம்பரத் துறையில் பலர் கருதினார்கள். நிறுவனமோ சில வாரங்களிலேயே அதே பெயரில், ஒட்டப்பட்ட அட்டைப்பெட்டி, கழுத்தில் நெகிழி முத்திரை, வாயில் மெல்லிய தகடு என மூன்று அடுக்குக் காப்போடு குப்பியை மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தது. நாடு தழுவிய விதி நடைமுறைக்கு வரும் முன்பே போட்டியாளர்களை முந்திச் செய்த புதுமை அது. தோற்றிருந்தால் பெருநட்டம் என்ற அளவுக்குத் துணிவும் கூட. ஏறத்தாழ ஓராண்டில் இழந்த சந்தையின் பெரும்பகுதி திரும்பி வந்தது. மருந்துக் குப்பியின் வாயைத் திறக்கும்போது நாம் இன்று கிழிக்கும் தகடு உலக வழக்கமானதில் அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே நிறுவனம் பிற்காலத்தில் வேறு பொருள்களின் பாதுகாப்பு குறித்து ஏராளமான வழக்குகளைச் சந்தித்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1982-இல் எடுத்த ஒரு முடிவு என்றென்றைக்குமான நற்சான்று ஆகாது. ஒவ்வொரு முடிவையும் அதனதன் நிலையில்தான் எடைபோட வேண்டும்.

பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் எழுப்பிய எதிர்ப்பை இவ்விடத்தில் ஒதுக்கிவிட முடியாது. மேலாளர் கொடுப்பது பங்குதாரரின் பணம்; பிறர் பணத்தில் அவர் கொடையாளியாவது முறையல்ல என்பது அவருடைய வாதத்தின் சாரம். நன்கொடையோடு நின்றுவிடும் சமூகப் பொறுப்பைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன். மொரீஷியஸ் 2009-லும் இந்தியா 2013-லும் செய்ததைப் போல இலாபத்தில் 2 சதவீதம் என்று சட்டமே வகுத்துவிட்டால், அந்த அளவுக்குக் கேள்வி முடிந்துபோகிறது. ஆனால் மீதி 98 சதவீதம் எப்படி ஈட்டப்பட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஃப்ரீட்மனின் எதிர்ப்பும் சரி, சட்டத்தின் கணக்கும் சரி, அங்கே எட்டுவதில்லை. தொட்டியைக் கழுவும் வரிசையை மாற்றுவது யாருடைய பணத்தையும் தானம் செய்வதில்லை.

ஆனாலும் ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். எல்லாப் பொறுப்பும் இலாபமாகத் திரும்பி வரும் என்று நம்பிக்கை ஊட்டுவது ஆபத்தானது. பொருளில் உள்ள குறையை வெளியிடுவது, விபத்தில் கை இழந்த தொழிலாளிக்கு வழக்காடாமல் இழப்பீடு கொடுப்பது, ஆலையை மூடும்போது நிலத்தடியில் தேங்கியதை அகற்றுவது ஆகியவை பெரும்பாலும் நட்டக் கணக்கில்தான் எழுதப்படும். அவை செய்தே தீர வேண்டியவை. பொறுப்பு ஒரு முதலீடு என்ற உங்கள் கட்டுரையாளரின் வாசகத்தை ஒரு மேலாளர் எழுத்துப் பிசகாமல் நம்பினால், வருவாய் தராத பொறுப்பை அவர் முதல் நெருக்கடியிலேயே கைவிடுவார். அப்போது அவரைக் கண்டிக்க நமக்கு வார்த்தை இருக்காது. தொழில்முனைவுப் போக்கு இங்கேயும் உதவக்கூடும்: கட்டாயமாகச் செய்ய வேண்டியதைக் குறைந்த செலவில் செய்ய வழி தேடுவதும் புதுமைதான். அது கடமையின் பாரத்தைக் குறைக்கும், கடமையையே நீக்கிவிடாது.

சிறு நிறுவனங்களைப் பற்றியும் ஒரு சொல். ரவுஷ் குழுவின் தொகுப்பில், தொழில்முனைவுப் போக்கின் பலன் மிகச் சிறிய நிறுவனங்களில் கூடுதலாகத் தெரிந்தது. முடிவெடுப்பவருக்கும் பட்டறைத் தளத்துக்கும் இடையே தூரம் குறைவு என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். அவற்றுக்குச் சமூகப் பொறுப்புப் பிரிவும் கிடையாது, பளபளப்பான அறிக்கையும் கிடையாது. ஆனால் முதலாளி தினமும் முகம் பார்க்கும் தொழிலாளியின் மூச்சுத் திணறலை எந்தத் துறைக்கும் திருப்பி அனுப்ப முடியாது. பெரிய நிறுவனங்களின் சமூகப் பணியை மட்டுமே பட்டியலிடும் பழக்கத்தால் இவர்களின் பொறுப்பு செய்தியாவதே இல்லை.

ஆகவே தங்கள் வணிகப் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனங்களின் ஆண்டு முடிவுகளை வெளியிடும்போது சமூகப் பணிக்கு எவ்வளவு செலவானது என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்த வேண்டாம். அந்த ஆண்டில் எந்தப் பொருளை, எந்தச் செய்முறையை, எந்தக் கொள்முதல் விதியைப் பொறுப்பு கருதி மாற்றினார்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டு, பதிலை அச்சிடுங்கள். பதில் இல்லையென்றால் இல்லை என்றே அச்சிடுங்கள். புதிய துணிகர முயற்சி ஒன்றைப் பாராட்டி எழுதும்போது, அது பொய்த்தால் இழப்பு யாருக்கு என்று ஒரு பத்தி சேருங்கள். ஓராண்டு இலாபத்தை வைத்துத் தீர்ப்பெழுதாமல், அதே நிறுவனத்தின் முந்தைய ஐந்தாண்டு எண்களையும் கீழே ஒரு சிறு அட்டவணையாகக் கொடுங்கள். இந்த விவரங்களில் பெரும்பகுதி ஆண்டு அறிக்கைகளிலும் அவற்றின் பின்னிணைப்புகளிலும் ஏற்கெனவே சிதறிக் கிடக்கிறது. தேடி எடுக்க ஒரு செய்தியாளரின் ஒரு பகல் வேலை போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
செலவுக் கணக்குத் தணிக்கையாளர்